ஜான் மில்ன்

ஜான் மில்ன் (டிசம்பர் 30, 1850 – ஜூலை 31, 1913) ஓர் ஆங்கிலேய நிலவியலாளரும் சுரங்கப் பொறியியலாளரும் ஆவார். தற்கால நிலநடுக்கவியலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். 1876 முதல் 1895 வரை ஜப்பானில் பணியாற்றினார். நிலத்தில் துளையிட்டு வெடிமருந்தை வெடிக்கச் செய்து, அதனால் எழும் அதிர்வலைகள் தொலைவு செல்லச் செல்ல எவ்வாறு தணிகின்றன என்பதைக் கருவிகளின் துணையுடன் முறையாக அளந்த முன்னோடிகளுள் இவரும் ஒருவர். இங்கிலாந்து திரும்பிய பின், உலகின் பல பகுதிகளில் ஒரே வகைக் கருவிகளைக் கொண்ட நிலநடுக்கப் பதிவு நிலையங்களின் வலையமைப்பை ஏற்படுத்தினார். தமிழ்நாட்டின் கொடைக்கானல் வான் ஆய்வகமும் அவ்வலையமைப்பில் இடம்பெற்றிருந்தது.

இளமையும் கல்வியும்

மில்ன் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும், பின்னர் அரச சுரங்கக் கல்லூரியிலும் பயின்றார். 1873, 1874 ஆம் ஆண்டுகளில் நியூபவுண்ட்லாந்து, லாப்ரடோர் ஆகிய பகுதிகளில் கனிம ஆய்வுப் பணியில் ஈடுபட்டார். இடையில், சினாய் மலையின் உண்மையான இருப்பிடத்தைக் கண்டறிய வடமேற்கு அரேபியாவிற்குச் சென்ற சார்லசு பீக் என்பவரின் குழுவில் நிலவியலாளராகச் சேர்ந்தார். இக்காலத்தில் பாறைகளைப் பனிக்கட்டி தேய்க்கும் முறை, படிகங்கள், அழிந்துபோன பறவையினமான பெரிய ஆக் ஆகியவை குறித்துக் கட்டுரைகள் எழுதினார்.

ஜப்பான் பயணம்

மெய்ஜி அரசு மேலைநாட்டு அறிஞர்களை ஆலோசகர்களாகவும் ஆசிரியர்களாகவும் அமர்த்தி வந்த காலம் அது. 1875 இல் மில்ன் டோக்கியோவில் உள்ள பேரரசப் பொறியியல் கல்லூரிக்குச் சுரங்கவியல், நிலவியல் பேராசிரியராக அழைக்கப்பட்டார். கடற்பயணம் அவரது உடலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. எனவே, கப்பலில் செல்லாமல் ஐரோப்பா, சைபீரியா, மங்கோலியா, சீனா வழியாகப் பெரும்பகுதி நிலவழியே பயணம் செய்து 1876 மார்ச்சில் டோக்கியோவை அடைந்தார். அங்கு தங்கிய முதல் இரவிலேயே ஒரு நிலநடுக்கத்தை உணர்ந்ததாகக் கூறப்படுகிறது.

பெப்ரவரி 22, 1880 இல் யோக்கோகாமாவில் நிகழ்ந்த நிலநடுக்கம் அவரது வாழ்க்கையில் திருப்புமுனையாக அமைந்தது. அதனைத் தொடர்ந்து அவ்வாண்டே ஜப்பான் நிலநடுக்கவியல் கழகம் தொடங்கப்பட்டது. நிலநடுக்க ஆய்வுக்கென்றே அமைந்த உலகின் முதல் கழகம் இதுவாகும். கழகம் உருவாக மில்னே முதன்மைக் காரணராக இருந்தபோதும், தலைமைப் பொறுப்பை ஜப்பானியரான ஹத்தோரி இச்சிசோ ஏற்றார்.

மில்ன் தம்முடன் பணியாற்றிய ஜேம்சு ஆல்பிரட் யூவிங், தாமசு கிரே ஆகியோருடன் சேர்ந்து நிலநடுக்கப் பதிவுக் கருவிகளை உருவாக்கினார். கிடைநிலை ஊசலைப் பயன்படுத்தும் முறை இக்குழுவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்தது. நிலநடுக்கங்கள் எங்கிருந்து எழுகின்றன என்பதை அறிய, டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களின் அலுவலர்களுக்கு அஞ்சலட்டைக் கட்டுகளை அனுப்பி, வாரந்தோறும் தாம் உணர்ந்த அதிர்வுகளை எழுதி அனுப்பச் செய்தார். இத்தகைய தொகுப்புப் பணிகளின் தொடர்ச்சியாக 1885 முதல் 1892 வரை ஜப்பானில் நிகழ்ந்த 8331 நிலநடுக்கங்களின் பட்டியலை வெளியிட்டார்.

1881 இல் ஹக்கோடேட் நகரைச் சேர்ந்த பௌத்த மடத் தலைவரின் மகளான ஹொரிக்காவா தோனேயை மணந்தார்.

வெடிச் சோதனைகள்

இயற்கையான நிலநடுக்கம் எப்போது, எங்கே, எவ்வளவு ஆழத்தில் தோன்றும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. அலை புறப்பட்ட நேரமும் இடமும் தெரியாத நிலையில் அதன் வேகத்தையோ தணிவையோ சரியாக அளக்க இயலாது. வெடிமருந்தைக் கொண்டு உண்டாக்கும் அதிர்வில் இவ்விரண்டும் ஐயமின்றித் தெரியும். எனவே, செயற்கை அதிர்வுகளே இந்த ஆய்வுக்கு ஏற்ற வழியாக இருந்தன.

இத்துறையில் மில்னுக்கு முன்னோடி அயர்லாந்துப் பொறியியலாளரான ராபர்ட் மாலெட் ஆவார். இவர் 1849 இல் டப்ளின் அருகே கில்லினி கடற்கரையில் வெடிமருந்தைப் புதைத்து வெடிக்கச் செய்தார். மணலில் நொடிக்கு ஏறத்தாழ 250 மீட்டர், கருங்கல்லில் ஏறத்தாழ 500 மீட்டர் என அலையின் வேகத்தைக் கணித்தார். கருங்கல்லுக்கு அவர் கண்ட மதிப்பு உண்மையை விட மிகக் குறைவு. கிண்ணத்தில் ஊற்றிய பாதரசத்தின் பரப்பு கலங்குவதைக் கண்ணால் பார்த்தே அவர் அலை வந்த நேரத்தைக் குறித்தார். விரைந்து வரும் முதல் அலை வழியிலேயே வலுவிழந்து விட்டதால் அது அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. பின்னால் வந்த வலிய அலைகளே புலப்பட்டன. 1876 இல் அமெரிக்காவில் என்றி ஆபட், நியூயார்க் அருகே நடந்த பெரும் பாறைத் தகர்ப்பின்போது அளவீடுகள் செய்தார். வெடியின் வலிமையும் தொலைநோக்கியின் உருப்பெருக்கமும் கூடுமளவுக்கு, கணிக்கப்படும் வேகமும் கூடுவதை அவர் கண்டார். தணிவைக் கருத்திற் கொள்ளாமல் வேகத்தை அளக்க முடியாது என்பது இதனால் தெளிவாயிற்று.

மில்னும் கிரேயும் 1880களின் தொடக்கத்தில் டோக்கியோவில் தம் சோதனைகளைத் தொடங்கினர். முதலில் கனமான இரும்புக் குண்டை உயரத்திலிருந்து விழச் செய்தனர். பின்னர் நிலத்தில் துளையிட்டு, டைனமைட்டையும் வெடிமருந்தையும் வெடிக்க வைத்தனர். வெடித்த இடத்திலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் கருவிகள் நிறுவப்பட்டன. அவற்றின் நேரக்குறிகள் மின்கம்பிகளால் இணைக்கப்பட்டன. இச்சோதனைகளிலிருந்து மில்ன் கண்ட முதன்மையான முடிவுகள் பின்வருமாறு:

நெட்டலைகளும் குறுக்கலைகளும் தனித்தனியாக வருகின்றன. வெடித்த இடத்தின் அருகே அலைவீச்சு மிக விரைவாகக் குறைகிறது. தொலைவில் அக்குறைவு மெதுவாக நிகழ்கிறது. தொலைவு கூடும்போது அலைவு நேரமும் நீள்கிறது. அதாவது படபடக்கும் விரைவான அதிர்வுகள் முதலில் மறைந்து, மெதுவான அசைவுகள் எஞ்சுகின்றன. மென்மையான நிலத்தில் அசைவு பெரிதாகவும் மெதுவாகவும், கடினமான நிலத்தில் சிறிதாகவும் விரைவாகவும் இருக்கும். இடையில் உள்ள குன்று அலைகளைப் பெரிதும் தடுப்பதில்லை. ஆனால் குழியோ பள்ளமோ இருந்தால் அதற்கு அப்பால் அதிர்வு குறைகிறது.

இறுதியாகக் கூறப்பட்ட முடிவு கட்டிடப் பாதுகாப்பில் அவரது கவனத்தை ஈர்த்தது. அடித்தளத்தைச் சுற்றிப் பள்ளம் விட்டுக் கட்டுவது குறித்து அவர் எழுதினார். அத்துடன் ஒரு சிறு கட்டிடத்தை வார்ப்பிரும்பு உருண்டைகளின் மேல் நிறுத்தி, நிலத்தின் அசைவு கட்டிடத்துள் எவ்வளவு செல்கிறது என்றும் சோதித்தார். பெரிய உருண்டைகளின் மேல் கட்டிடம் காற்றில் கூட அசைந்தமையால், படிப்படியாகச் சிறியவற்றிற்கு மாறி, இறுதியில் கால் அங்குல அளவுள்ள இரும்புக் குண்டுகளைப் பயன்படுத்தினார். நிலத்தின் அசைவிலிருந்து கட்டிடத்தைப் பிரித்து வைக்கும் இன்றைய முறைக்கு இது ஒரு தொடக்ககால எடுத்துக்காட்டாகும்.

தொலைநிலை அலைகள் பற்றிய முன்கணிப்பு

வெடியலைகள் சில நூறு அடிகளுக்குள் தணிந்து விடுவதை அளந்த மில்னே, 1883 இல் அதற்கு மாறாகத் தோன்றும் ஒரு கருத்தையும் வெளியிட்டார். தகுந்த கருவி இருந்தால், பெரிய நிலநடுக்கம் ஒவ்வொன்றையும் உலகின் எந்த இடத்திலிருந்தும் பதிவு செய்ய முடியும் என்பதே அக்கருத்து. விரைவான அதிர்வுகள் மடிந்தாலும், மெதுவான அலைகள் நெடுந்தொலைவு செல்லும் என்பது அவரது சோதனை முடிவுகளுடன் ஒத்துப்போனது. 1889 இல் செருமனியின் போட்சுடாம் நகரில் எர்ன்சுட் வான் ரெபூர்-பாசுவிட்சு நிறுவியிருந்த கிடைநிலை ஊசல், ஜப்பானில் நிகழ்ந்த நிலநடுக்கம் ஒன்றைப் பதிவு செய்தது. மில்னின் கருத்து ஆறே ஆண்டுகளில் மெய்ப்பிக்கப்பட்டது.

தீ விபத்து

அக்டோபர் 28, 1891 இல் மினோ-ஒவாரி நிலநடுக்கம் 7000 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மில்னும் டபிள்யூ. கே. பர்ட்டனும் இணைந்து இதுபற்றிப் படங்களுடன் கூடிய நூலை வெளியிட்டனர். மறுவருடம் ஜப்பான் அரசு நிலநடுக்க ஆய்வுக் குழுவொன்றை அமைத்தது.

பெப்ரவரி 17, 1895 இல் டோக்கியோவில் மில்னின் வீடும் ஆய்வகமும் தீக்கிரையாயின. அவரது நூலகமும் கருவிகளும் எரிந்து போயின. பத்தொன்பது ஆண்டுகால உழைப்பின் பெரும்பகுதியை ஒரே நாளில் இழந்த மில்ன், அவ்வாண்டு ஜூன் மாதம் மனைவியுடன் இங்கிலாந்து திரும்பினார். ஜப்பான் பேரரசர் அவருக்கு உதய சூரியன் விருதின் மூன்றாம் நிலையையும் ஓய்வூதியத்தையும் வழங்கிச் சிறப்பித்தார்.

ஷைட் ஆய்வகம்

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய வைட் தீவில், நியூபோர்ட் அருகேயுள்ள ஷைட் என்ற இடத்தில் மில்ன் குடியேறித் தமது வீட்டிலேயே ஆய்வகத்தை அமைத்தார். ஜப்பானிலிருந்து உடன் வந்த ஹிரோத்தா சினோபு அவருக்கு உதவியாளராக இருந்தார். பிரித்தானிய அறிவியல் மேம்பாட்டுக் கழகத்தின் ஆதரவுடன், தாம் வடிவமைத்த கருவியைப் பல நாடுகளின் ஆய்வகங்களில் நிறுவச் செய்தார். இந்நிலையங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 40 ஆக உயர்ந்தது. கேப்டன் ஸ்காட்டின் டிஸ்கவரி பயணத்தின்போது (1901–1904) அண்டார்க்டிக்காவிற்கும் மில்ன் கருவி ஒன்று கொண்டு செல்லப்பட்டது.

மில்ன் கருவியில் இலேசான நீண்ட தண்டு ஒன்று கிடைநிலையில் ஊசலாகத் தொங்கும். தண்டின் முனையிலுள்ள துளை வழியே விளக்கொளி சென்று, கடிகாரப் பொறியால் நகரும் ஒளிப்படத் தாளில் கோடாகப் பதியும். எளிமையும் குறைந்த விலையும் இதன் சிறப்புகள். ஊசலின் ஆட்டத்தை அடக்கும் அமைப்பு இல்லாததும், உருப்பெருக்கம் குறைவாக இருந்ததும் இதன் குறைகள். இக்குறைகள் பின்னர் மில்ன்-ஷா கருவியில் நீக்கப்பட்டன.

நிலையங்களின் பதிவுகள் தொகுக்கப்பட்டு 1900 முதல் 1912 வரை ஷைட் சுற்றறிக்கைகள் என்ற பெயரில் வெளியாயின. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம், 1897 ஆம் ஆண்டின் அசாம் பெருநிலநடுக்கப் பதிவுகளிலிருந்து முதன்மை அலை, இரண்டாம் அலை, மேற்பரப்பு அலை ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்டினார். 1906 இல் பூமிக்கு ஒரு கருவம் உண்டு என்பதற்கு அவர் சான்று காட்டியபோது, மில்ன் கருவிகளின் பதிவுகள் அதற்குப் பெரிதும் உதவின.

தமிழ்நாடும் மில்ன் கருவியும்

அசாம் நிலநடுக்கத்தின் பின் இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், கொடைக்கானல் ஆகிய இடங்களில் மில்ன் கருவிகள் நிறுவப்பட்டன. கொடைக்கானல் ஆய்வகம் 1899 இல் சூரிய ஆய்வுக்கெனத் தொடங்கப்பட்டதாகும். சார்லசு மிச்சி சுமித் அதன் முதல் இயக்குநராக இருந்தார்.

பெப்ரவரி 8, 1900 அதிகாலையில் கோயம்புத்தூர்ப் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்ட இதன் அளவு 6 ஐ ஒட்டியது எனப் பின்னாளில் மதிப்பிடப்பட்டது. இம்மதிப்பீடு பெரும்பாலும் மக்கள் உணர்ந்த செய்திகளை அடிப்படையாகக் கொண்டது. தொலைவு கூடக்கூட அதிர்வு எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்தே இவ்வாறு மதிப்பிடுகின்றனர். எனவே, இங்கும் தணிவு பற்றிய அறிவே துணையாகிறது.

மில்ன் டோக்கியோவில் அளந்த பண்புகளைக் கொங்கு நாட்டின் அன்றாட வாழ்விலும் காணலாம். திருப்பூர் மாவட்டத்தில் உள்ள வெள்ளகோவில், கோயம்புத்தூர், கொடைக்கானல் ஆகிய இரண்டிலிருந்தும் நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. இன்று விசைத்தறிகளால் அறியப்படும் இவ்வூரைச் சுற்றிலும் செம்மண்ணின் கீழே மிகப் பழமையான கடினப் பாறை உள்ளது. இப்பகுதியின் கிணறுகள் பாறையில் தமரடித்து, மருந்து கெட்டித்து, வேட்டு வைத்து ஆழப்படுத்தப்பட்டவை. வேட்டின் அருகே நிற்பவர் உணர்வது படீரென்ற விரைவான உதறல். தொலைவில் உள்ள வீட்டில் உணரப்படுவது மந்தமான அசைவு. வெடித்தது ஒன்றே ஆயினும், விரைவான அதிர்வுகளை இடையிலுள்ள நிலம் உறிஞ்சிக் கொள்கிறது.

அலைத்தணிவின் காரணங்கள்

நிலநடுக்க அலைகள் தணிவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது பரவல் ஆகும். நிலத்தினுள் எல்லாத் திசைகளிலும் செல்லும் அலையின் வீச்சு தொலைவுக்கு எதிர்விகிதத்தில் குறையும்; மேற்பரப்பில் மட்டும் செல்லும் அலையின் வீச்சு தொலைவின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும். இரண்டாவது சிதறல் ஆகும். பாறையின் வெடிப்புகளும் அடுக்குகளும் அலையைப் பல திசைகளில் சிதறச் செய்கின்றன. மூன்றாவது உறிஞ்சல் ஆகும். பாறை முழுமையான மீள்தன்மை உடையதன்று. எனவே, ஒவ்வொரு அலைவின்போதும் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக மாறிவிடுகிறது.

உறிஞ்சலைத் தரக்காரணி என்ற எண்ணால் குறிப்பர். தரக்காரணி 200 ஆக உள்ள பாறையில் அலைவு ஒன்றுக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு ஆற்றல் இழக்கப்படும். அத்தகைய பாறையில் 10 நிமிடம் பயணிக்கும் இரு அலைகளை எடுத்துக்கொள்வோம். 20 நொடி அலைவு நேரம் கொண்ட அலை 30 முறையே அலைவுறும். அதன் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு எஞ்சும். 1 நொடி அலைவு நேரம் கொண்ட அலை 600 முறை அலைவுறும். அதில் பத்துக்கோடியில் ஒரு பங்கு கூட எஞ்சாது. மில்ன் தம் சோதனைகளில் கண்ட அலைவு நேர நீட்சிக்கும், 1883 இல் அவர் கூறிய முன்கணிப்புக்கும் இதுவே விளக்கமாகும். புவியோட்டின் கீழுள்ள மூடகத்தின் ஆழமான பகுதிகளில் தரக்காரணி மிகவும் கூடுதல். எனவே, அவ்வழியாகச் செல்லும் 1 நொடி அலைகளும் ஓரளவு பிழைத்து மறுபுறம் வெளிப்படுகின்றன.

நிலத்தடி அணுவெடிகள்

மில்ன் மறைந்து 44 ஆண்டுகளுக்குப் பின், செப்டம்பர் 19, 1957 இல் அமெரிக்கா நெவாடாவில் முழுமையாக நிலத்தடியில் அடங்கிய முதல் அணுவெடியை நிகழ்த்தியது. அதன்பின், வெடியின் அலைகள் எவ்வாறு தணிகின்றன என்ற கேள்வி நாடுகளிடையே நம்பிக்கைக்கும் ஐயத்திற்கும் அடிப்படையாயிற்று. பதிவான அலைவீச்சிலிருந்து வெடியின் வலிமையைக் கணிக்க வேண்டுமாயின், வழியில் இழந்தது எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

1974 இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் 150 கிலோடன்னுக்கு மேற்பட்ட நிலத்தடி வெடிகளைத் தவிர்க்க உடன்பட்டன. நெவாடாவின் அடியிலுள்ள மேல்மூடகம் வெப்பம் மிகுந்தது. அலைகளை நன்கு உறிஞ்சக் கூடியது. சோவியத் சோதனைக் களமான கசக்சுத்தானின் செமிபலாட்டின்சுக்கு அடியில் இருப்பது பழமையான, குளிர்ந்த பகுதி. இதனால் ஒரே 150 கிலோடன் வெடி, முதலிடத்தில் 5.7 அளவிலும் இரண்டாவதில் 6.1 அளவிலும் பதிவாகும். நெவாடா அனுபவத்தைக் கொண்டு சோவியத் வெடிகளை அளந்தபோது, அவை உள்ளதை விட ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியனவாகத் தோன்றின. சோவியத் ஒன்றியம் உடன்பாட்டை மீறியதாக எழுந்த குற்றச்சாட்டுகளுக்கு இவ்வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். 1988 இல் இரு நாடுகளும் ஒன்றன் களத்தில் மற்றொன்று நேரில் அளவீடு செய்த கூட்டுச் சோதனை இச்சிக்கல் தீர உதவியது.

இந்தியாவில் 1965 இல் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் பிரித்தானிய அணுசக்தி ஆணையத்தின் ஒத்துழைப்புடன் 20 கருவிகள் கொண்ட பதிவு அணி அமைக்கப்பட்டது. தென்னிந்தியாவின் பழம்பாறையில் அலைத்தணிவு குறைவு என்பது இத்தகைய நிலையத்திற்குச் சாதகமானது. மே 11, 1998 பொக்ரான் வெடிகளின் வலிமை குறித்து இந்திய அணுசக்தித் துறை வெளியிட்ட மதிப்புகளும், வெளிநாட்டு நிலநடுக்கவியலாளர் பலர் கணித்த குறைந்த மதிப்புகளும் வேறுபட்டன. வெடித்த இடத்தின் நிலவியலும் அலை சென்ற வழியின் தணிவும் இவ்விவாதத்தில் முக்கிய இடம் பெற்றன.

மறைவும் சிறப்புகளும்

மில்ன் 1887 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1894 இல் லயல் பதக்கத்தையும், 1908 இல் அரச கழகத்தின் அரச பதக்கத்தையும் பெற்றார். சிறுநீரக நோயினால் ஜூலை 31, 1913 இல் ஷைட்டில் காலமானார். நியூபோர்ட் அருகே பார்ட்டனில் உள்ள புனித பவுல் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். முதலாம் உலகப் போருக்குப் பின் தோனே தாய்நாடு திரும்பினார்.

மில்னின் தொகுப்புப் பணியை ஆக்சுபோர்டில் ஹெர்பர்ட் ஹால் டர்னர் தொடர்ந்தார். 1918 ஆம் ஆண்டுப் பதிவுகளிலிருந்து அது பன்னாட்டு நிலநடுக்கத் தொகுப்பு என்ற பெயரில் வெளிவந்தது. 1964 ஆம் ஆண்டிலிருந்து பன்னாட்டு நிலநடுக்கவியல் மையம் அப்பணியை மேற்கொண்டு வருகிறது. நிலநடுக்கங்களுடன் நிலத்தடி வெடிகளும் அதன் பட்டியல்களில் இடம்பெறுகின்றன.